எம்மெட் காத்திருந்த பஸ்

எம்மெட் சோபோட்கா எங்கள் நகைச்சுவை கிளப்புக்குள் முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. மேடையில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறவர்; நாடு முழுக்கத் தெரிந்த முகம் அது. ஆனால் எங்கள் ஊர் மில்வாக்கிக்கு வந்தால் பின்பக்கச் சந்தில் காரை நிறுத்திவிட்டு, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் வருவார். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, முதலில் பாத்திரம் கழுவுகிறவரை நலம் விசாரிப்பார். பிறகு பால் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சமையலறைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள நடைவழியில் உட்கார்ந்துகொள்வார்.

நான் அங்கே பரிமாறுகிறவள். பெயர் லோரெட்டா. எம்மெட் முதன்முதலாக மைக்கைப் பிடித்ததைப் பார்த்தவர்களில் இன்னும் அங்கே வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். இப்போது எங்கள் இருவருக்குமே தலை நரைத்துவிட்டது.

மேடையை விட்டு இறங்கினால் அவர் யாரையும் சிரிக்க வைக்க மாட்டார். கூச்சக்காரர். ஆனால் கேட்பார். மீன் பொரிக்கிற ஹெக்டர் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினால், பாவசங்கீர்த்தனம் கேட்கிற பாதிரியாரைப்போல் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவருடைய வேலையே அதுதான், மேடையில் நடப்பது அதன் மிச்சம்தான் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒரே ஒரு கதையை உருவாக்கிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் ஒரு பெரிய அரங்கில் அவருடைய நிகழ்ச்சியைப் படம்பிடிக்கப் போகிறார்கள். அதன் கடைசிக் கதை அது. பெரிய அரங்கில் சொல்வதற்கு முன் கீழ்த்தளத்திலுள்ள எங்கள் சின்ன மேடையில் வந்து சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம்.

கதை இவ்வளவுதான். எம்மெட்டுக்கு ஏழு வயது. இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுமுறை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டு வானொலி மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. பையன் சாப்பாட்டு டப்பாவோடு தெருமுனையில் பஸ்ஸுக்காக நிற்கிறான். நிற்கிறான், நிற்கிறான். மதியம் அம்மா ஓடிவந்து, "ஏண்டா வீட்டுக்கு வரல?" என்று கேட்கிறாள். "வந்தா வரிசைல என் இடம் போயிடும்" என்கிறான். அந்தத் தெருவிலேயே அவன் ஒருவன்தான் நிற்கிறான்.

வரிசையைப் பற்றிய அந்தக் கடைசி வரி வரும்போதெல்லாம் மேஜைகள் குலுங்கும். ஆனால் எம்மெட்டுக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் டப்பா நீலம். அடுத்த வாரம் சிவப்பு.

"எது சரியா இருக்கு லோரெட்டா?" என்று நடைவழியில் கேட்டார்.

"எங்க வீட்ல மஞ்சள் டப்பாதான் இருந்துது."

மறுவாரம் அது மஞ்சளாயிற்று. சிரிப்பு ஒரு மூச்சு முன்னதாக வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றார். ஆனால் சரியான சாவி பூட்டில் திரும்பும்போது எழும் சின்னச் சத்தத்தைக் கேட்டவர்போல் முகம் மலர்ந்துவிட்டது.

இனி கிளெண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிளெண்டா ரைஸ் நாற்பத்தைந்தைத் தாண்டியவள். ஆறு வருடங்களாக, ஐந்து நிமிடம் கிடைத்தபோதெல்லாம் எங்கள் மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள். நல்ல கதைகள் வைத்திருந்தாள். ஆனால் மேடை ஏறியதும் முதுகு விறைத்துவிடும். பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் ஆகிவிடுவாள். அவள் இங்கே வரும் மாலைகளில் படுக்கையிலிருக்கும் அம்மாவை அவளுடைய தங்கைதான் பார்த்துக்கொண்டாள்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இறைச்சி தொடாத நாள் என்பதால் மீன் சாப்பிடவே கூட்டம் நிறைந்திருந்தது. வெளியே பனி. ஆறரை மணிக்கு மேனேஜர் கர்ட் நடைவழிக்கு வந்தார்.

"கிளெண்டா, இன்னைக்கு நீதான் கடைசி. ரெண்டு பேர் ஹைவேல மாட்டிக்கிட்டாங்க."

"கடைசின்னா பில் நேரம்."

"யாராவது ஒருத்தர் நிக்கணும்ல."

"மார்ஜரி லுண்ட் வந்திருக்காங்க, கர்ட். மூணாவது மேஜைல."

"தெரியும். அவங்களுக்கும் பில் உண்டு."

மார்ஜரி லுண்ட் ஊர் ஊராகப் போய், பெரிய அரங்குகளில் பிரபலங்களுக்கு முன்னால் மேடையேறுவதற்கு ஆள் பொறுக்குகிறவர். எங்கள் ஊருக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். பில் நேரம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பயப்படுகிற நேரம். நிகழ்ச்சி முடிவதற்குச் சற்று முன்பு நாங்கள் எல்லா மேஜைக்கும் பில்லைக் கொண்டுபோய் வைப்போம். உடனே தலைகள் குனியும். செல்போன் வெளிச்சத்தில் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற விசாரணை தொடங்கும். அந்த நேரத்தில் மேடையில் நிற்கிறவர் சுவரோடு பேசவேண்டியதுதான்.

கிளெண்டாவுக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தேன்.

"குடி கண்ணு."

"தொண்டைல இறங்காது."

"இறங்கும். சூப்புதானே, கல்லா என்ன?"

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சூடு மட்டும் வாங்கினாள். "இந்த வருஷமும் இல்லேன்னா விட்டுடறேன்னு என் தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவளும் எத்தனை நாள்தான் பாப்பா? இன்னைக்கு அந்தம்மா முன்னாடி பில் நேரத்துல நின்னா, அதோட முடிஞ்சுது."

அப்போதுதான் சமையலறைக் கதவு இடிபட்டுத் திறந்தது. எம்மெட் பனியோடு உள்ளே வந்தார்.

கர்ட்டின் முகத்தில் விளக்கு எரிந்தது. "எம்மெட், எப்ப வேணா ஏறு. எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கோ. கிளெண்டாவை இன்னைக்கு விட்டுடலாம்."

இதுவும் எங்கள் தொழிலின் வழக்கம்தான். பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் சின்னவர் இடத்தைக் கொடுக்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிளெண்டாவும் கோபிக்கவில்லை. கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்றார் எம்மெட் கர்ட்டிடம். கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து கிளெண்டாவைப் பார்த்தார். "நீங்க பகல்ல என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் பஸ் ஓட்டறேன்." குரலில் கசப்பு இருந்தது.

எம்மெட் கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "லேட்டா ஓடி வர்ற புள்ளைங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்றார்.

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். ஏறு, பின்னாடி போய் உக்காரு, கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டாதே."

"உங்க ரூட்டுலயே இல்லாத இடத்துல ஒரு புள்ள தனியா நின்னா?"

கிளெண்டா முகத்தைச் சுளித்தாள். "இது என்ன கேள்வி? நிறுத்துவேன்."

"நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்குமே."

"விதியாம் விதி. குளிர்ல புள்ள நிக்குது."

நற்கருணை அப்பம் வாங்கிய பிறகு முழந்தாளிட்டு இருப்பவர்களின் முகத்தை நான் தேவாலயப் பூசையில் பார்த்திருக்கிறேன். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. அப்போது எம்மெட்டின் முகம் அப்படி இருந்தது. உள்ளே என்னவோ இடம்மாறிக்கொண்டிருந்தது. நடைவழியில் தட்டுகளோடு போனவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிறகு எழுந்தார். "கர்ட், பில் நேரத்தை எனக்குக் குடு. கடைசியா இவங்க ஏறட்டும்."

"பில் நேரத்துல நீயா? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா."

"சரி, நீ இறங்கின அப்புறம் இவ ஏறினா? அதுக்கு பில் நேரமே தேவலையே."

கர்ட் சொன்னது உண்மைதான். எம்மெட்டுக்குப் பின்னால் ஏறி நல்லபடியாக இறங்கினவரை நான் கண்டதில்லை. மழை விட்ட பிறகு குடை விற்க வந்தவரைப் போலத்தான் நிற்பார்கள். கிளெண்டாவும் அதையேதான் சொன்னாள். "சார், நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்."

"போகாதீங்க" என்றார் எம்மெட். வேறொன்றும் விளக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "லோரெட்டா, நான் இறங்கறதுக்குள்ள எல்லா பில்லும் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்துடணும். ஒண்ணுகூட இவங்க நேரத்துக்கு மிச்சம் இருக்கக் கூடாது."

"உன் கதைக்கு நடுவுல எப்படிப்பா நான் குறுக்க நடக்கறது?"

"நடுவுலதான் நட. சத்தமா நட."

பரிமாறுகிற மற்ற பெண்களிடம் போய்ச் சொன்னேன். கிளெண்டாவின் கோட்டை எடுத்து, அவள் கைக்கு எட்டாத கொக்கியில் மாட்டினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

எம்மெட் மேடையேறியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடங்கட்டும் என்று காத்திருந்து, பனி பெய்த அந்தக் காலையைச் சொல்லத் தொடங்கினார். வானொலி கெட்டுப்போன வீடு. மஞ்சள் டப்பா. நாங்கள் பில்களோடு புறப்பட்டோம்.

எம்மெட் சோபோட்காவே ஆனாலும் பில் என்றால் பில்தான். இரண்டாம் வரிசையில் ஒரு தலை குனிந்தது. பக்கத்தில் இன்னொன்று. செல்போன்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. அவருடைய பேச்சு மெல்லத் தணிந்தது. தடுமாறுகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப விடியல" என்றார் மெதுவாக. "தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் இப்படித்தான் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. அதோ, அது ஸ்மித் வீடு. அது கிழவர் ஒல்சன் வீடு. எல்லாரும் எழுந்து, ஸ்கூல் லீவுன்னு கேட்டு..." கை நீட்டிய மேஜையில் ஒருவர் சட்டென்று போனை அணைத்தார். "திரும்பப் படுத்துட்டாங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பிறகு அணைந்த ஒவ்வொரு போனும் தூங்கப் போன ஒரு வீடாயிற்று. ஐந்தாவது மேஜையில் மீன் கணக்கில் கணவனும் மனைவியும் முணுமுணுத்தார்கள். "அது எங்க அப்பாவும் அம்மாவும்" என்றார். "வானொலியை யார் உடைச்சதுன்னு இன்னும் முடிவாகல." என் காலடிச் சத்தம் தெருவில் பனி தள்ளுகிறவரின் சத்தம் ஆயிற்று. எங்களுடைய தொல்லை எதுவும் தொல்லையாக மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் எடுத்து அந்தத் தெருவுக்குள் வைத்துவிட்டார். ஐந்து ரொட்டியும் இரண்டு மீனும் ஒரு கூட்டத்துக்கே போதுமானதாக ஆன பைபிள் கதையைச் சிறுவயது முதல் கேட்கிறேன். கையிலிருப்பதைக் கொண்டே அப்படிச் செய்ய முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது. தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கடைசி பில்லும் திரும்பி வந்தது. போன்கள் அணைந்து, தெரு முழுக்கத் தூங்கிவிட்டது. கூட்டம் கடைசி வரிக்குத் தயாராக இருந்தது. நானும்தான். "வரிசைல என் இடம் போயிடும்" என்று என் உதடுகளே முன்னால் அசைந்துவிட்டன.

அவர் அதைச் சொல்லவில்லை.

"நான் நின்னேன்" என்றார். "பஸ் வரல."

மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு, இல்லாத டப்பாவை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடி நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன, தோள் சுருங்கிவிட்டது. அங்கே நின்றது ஏழு வயதுப் பிள்ளைதான். ஓரிருவர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அரங்கின் பின்பக்கம் நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் நகரவில்லை. வணக்கம் சொல்லவில்லை. அப்படியே நின்றார்.

கர்ட் திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் பக்கவாட்டு மைக்கில் கூப்பிட்டார். "அடுத்து வரப்போறது... கிளெண்டா ரைஸ்."

கைதட்டல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தது. கூட்டத்தின் கண் எம்மெட்டை விட்டு அகலவில்லை. கிளெண்டா என்னைத் தாண்டிப் போனாள். உதடுகள் மனப்பாடம் செய்த முதல் வரியை உருப்போட்டுக்கொண்டிருந்தன. முதுகு விறைத்திருந்தது. நான் தட்டுக்கு அடியில் விரல்விட்டு எண்ணி அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படியேறினாள். மைக்கின் முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்பதைப் பார்த்தாள்.

அவள் வாய் திறந்தபடி நின்றது. முதல் வரியைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அது சாதாரண ஒரு வெள்ளிக்கிழமையாக முடிந்திருக்கும். எம்மெட் கதையை மறந்துவிட்ட கிழவராகி இறங்கியிருப்பார். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளெண்டாவின் தோள்கள் இறங்கின. முதுகு தளர்ந்தது. ஒரு கையால் இல்லாத பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையால் பஸ் கதவைத் திறக்கும் நெம்புகோலை இழுத்தாள். குரல் வந்தபோது அது மேடைக் குரலே அல்ல. விடிகாலையில் எழுந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் குரல்.

"ஏறுப்பா. லேட்டாயிடுச்சு. ரோடெல்லாம் பனி."

எம்மெட் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில் ஏழு வயதின் முழு நிம்மதி. டப்பாவை அணைத்தபடி, இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்து ஏறி, அவளைத் தாண்டி நடந்தார்.

"பின்னாடி போய் உக்காரு" என்றாள் கிளெண்டா. "கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டாதே. உன் அம்மா வானொலியை உடைச்சதுக்கு நான் பொறுப்பில்ல."

அந்தக் கீழ்த்தளத்தில் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எம்மெட் கடைசி மேஜையில் போய், முழங்காலில் கை வைத்து ஒழுங்காக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த அரங்கமே கிளெண்டாவின் பஸ். நான்காம் மேஜை சண்டைக்காரப் பிள்ளைகள், ஐந்தாம் மேஜை வாந்தியெடுக்கிறவர்கள், கர்ட் பக்கத்து வண்டியின் பொறாமை பிடித்த டிரைவர். ஆறு வருடமாக ஒப்பித்த கதைகள்தான். அன்று அவை அவள் வாயில் உயிரோடு பிறந்தன. அவள் பேசி முடிக்கிறவரை ஒரு தலையும் குனியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மார்ஜரி லுண்ட் நடைவழிக்கே வந்துவிட்டார். "அடுத்த மாசம் டெட்ராய்ட்ல ஆரம்பிக்கலாமா? வெள்ளி, சனி."

"வெள்ளிக்கிழமை முடியாதுங்க" என்றாள் கிளெண்டா. "புள்ளைங்களை வீட்ல விடணும். ஜூன்ல ஸ்கூல் மூடினதும் வரேன்."

மார்ஜரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜூன்வரைக்கும் என்னைக் காக்க வெச்ச ஆள் யாரும் இல்ல."

"மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்ல. ஜூன்." கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கிளெண்டா சுவரில் சாய்ந்தாள். தரையில் ஆறிக் கிடந்த சூப்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள். முதலில் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் தங்கை பயந்துவிட்டாள் போலிருக்கிறது. "இல்லடி, எனக்கு ஒண்ணும் ஆகல, நல்ல சேதி, நல்ல சேதி" என்று இவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எம்மெட் சந்துக் கதவருகே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். வழியில் சாப்பிட மீனும் ரொட்டியும் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவ அதைச் சொல்லாம விட்டிருந்தா?" என்று கேட்டேன். "அத்தனை பேர் முன்னாடி உன் கதை அந்தரத்துல தொங்கியிருக்கும்."

"தொங்கியிருக்கும்."

"அவ சொல்லுவான்னு உனக்கெப்படித் தெரியும்?"

பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே, நான் கேட்டதில் என்ன அதிசயம் என்பதுபோல் பார்த்தார்.

"நிறுத்துவேன்னு சொன்னாங்களே" என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். மனிதர்கள் பேச்சுவாக்கில் சொல்கிற நல்ல வார்த்தையை எத்தனை பேர் அப்படியே நம்புகிறோம்? அவர் நம்பினார். குளிர்காலம் முழுக்க உழைத்துச் செய்த கதையின் உச்சியை அந்த நம்பிக்கையின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றார். திறமை கடவுள் கொடுப்பது என்பார்கள். கடவுள் திறமையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஒரு மனிதரால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று நான் பார்த்தேன்.

வசந்தத்தில் அவருடைய நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தது. கடைசிவரை காத்திருந்து பார்த்தேன். அந்தப் பனிக்காலக் கதை அதில் இல்லை. வேறொரு கதையைச் சொல்லி முடித்துவிட்டார். மஞ்சள் டப்பாவும் இல்லை, வரிசையும் இல்லை.

அடுத்த முறை பூட்ஸைத் தட்டிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது வழியை மறித்து நின்றேன்.

"எங்கேப்பா அந்தக் கதை? அவ வரியை எடுத்துக்க வேணாம், அது அவளுடையது, சரி. உன் பழைய முடிவு இருந்துதே. நாங்க எல்லாரும் சிரிச்சோமே."

எம்மெட் பாத்திரம் கழுவுகிறவருக்குக் கையசைத்துவிட்டு, கூடையைத் தேடி எடுத்துக் கவிழ்த்தார்.

"அதான் பஸ் வந்துடுச்சே, லோரெட்டா" என்றார். "இனிமே வரலன்னு எப்படிச் சொல்றது?"

உட்கார்ந்துகொண்டு, ஹெக்டரின் மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.